அவளுக்காக நான் சொன்ன பதில்

நான்கு ஆண்டுகளுக்கு முன், தீபாவளி கழிந்து சில வாரங்களில், சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் சிறிய கூட்ட அறையில் இது நடந்தது. மேசையின் ஒரு பக்கம் டாக்டர், உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ, தாதி, சமூகப் பணியாளர். எதிரே சக்கர நாற்காலியில் என் மனைவி. பக்கத்தில் நான். குளிரூட்டியின் காற்று நேராக அவள் தலையில் அடித்ததால் ஒரு தாதி எழுந்து அதைத் திருப்பிவிட்டார். பிறகு டாக்டர் என் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: சிகிச்சை முடிந்ததும் நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?

அவள் பதில் சொன்னாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நான் சொன்னது அவள் சொன்னதல்ல. இதை இத்தனை நாளும் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன், இனி ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி அதே மாநிலத்தில் சாஆ என்ற சிற்றூர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சீனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தாள். அங்கே மலாய்க்காரப் பெண்களோடு பேசிப் பேசி மலாய் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் வராது. வராது என்பதை நான் வீட்டில் அடிக்கடி கேலியாகச் சொல்வதுண்டு. அவளும் சிரித்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே அக்கா. சாஆவில் மகன் வீட்டில் இருந்தார். இனிப்புநீர் நோயில், சர்க்கரை வியாதிதான், ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மகன் பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், மருமகளும் வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் அந்த அம்மாள் கட்டிலில் தனியாகத்தான் இருப்பார். வாரம் ஒரு நாள் என் மனைவியைக் காரில் அங்கே கொண்டுபோய் விடுவேன். அவள் அக்காவின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நகம் வெட்டி, துணி மாற்றி, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு வருவாள். அதுவரை நான் கோப்பிக் கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் என்னால் உட்கார முடியாது. அந்த வாடை, அந்தத் துணி, அந்தப் பாத்திரம் எல்லாம் எனக்கு ஒரு பயம். இளம் வயதிலிருந்தே அப்படித்தான். அதை நாசூக்கு என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

அந்தத் தீபாவளியை ஒட்டி எங்கள் மகள் சிங்கப்பூரில் புது வீட்டுக்குக் குடிபோனாள். அவள் அங்கேயே கட்டிக்கொண்டு, குடியுரிமையும் பெற்றவள். பால் காய்ச்சுவதற்காக நாங்கள் போயிருந்தோம். இரண்டொரு நாள் கழித்து, அதே அடுப்படியில், கையில் கரண்டியோடு என் மனைவி மெல்லச் சரிந்தாள். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போயின. பேச்சு போகவில்லை. ஆனால் குழறியது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும். நடுவில் மூச்சு வாங்குவாள்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் ஒரு தாதி அவளுக்குத் துணி மாற்ற வந்தார். திரும்பிப் படுக்க வைக்க வேண்டும், தோளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் கைப்பேசி அடிப்பதுபோல் பாவனை செய்து வெளியே போய்விட்டேன். தாழ்வாரத்தில் நின்று சன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது என் கைப்பேசி கட்டிலின் மேலேயே கிடந்தது.

அந்த ஊரில் நோயாளியைக் கவனிக்கும் முறையைப் பார்த்து நான் அசந்துபோனேன். அதில் பொய்யில்லை. டாக்டர் ஒன்று சொன்னால் அது பிசியோவுக்கும் தெரிந்திருந்தது. பிசியோ பார்த்தது சமூகப் பணியாளருக்கும் தெரிந்திருந்தது. இவள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஒருவர் என் மகளின் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவை அளந்து, எங்கே கைப்பிடி பொருத்த வேண்டும் என்று பென்சிலால் குறியிட்டுவிட்டு வந்தார். பகல் நேரப் பராமரிப்பு நிலையத்திலிருந்து சக்கர நாற்காலி ஏறக்கூடிய வேன் வாசலுக்கே வரும் என்றார்கள். எதற்கும் அழைக்க ஒரே தொலைபேசி எண், ஒரே ஆள்.

எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. அது மனைவியின் அக்காவுக்குக் கால் எடுத்தபோதே தெரியும். அறுவைக்குச் சிகாமட் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். புண் கட்ட ஊர்க் கிளினிக். சக்கர நாற்காலிக்குச் சமூக நல இலாகா. ஒவ்வொரு இடத்திலும் நல்லவர்கள்தான் இருந்தார்கள். ஆனால் ஓரிடத்தில் நடந்தது அடுத்த இடத்துக்குத் தெரியாது. லாரி ஓட்டும் மகன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு, கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே அலைந்தார். இரு நாட்டு வசதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் கேட்டாலும் என்னால் பிரசங்கம் செய்ய முடியும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மகனுக்குக்கூடச் செய்தேன்.

அந்த மனநிலையில்தான் கூட்டத்துக்குப் போனேன். அன்று மகளுக்குக் காய்ச்சல். மருமகன் வேலையாக வெளியூரில் இருந்தார். தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கட்டுமா என்று சமூகப் பணியாளர் முன்கூட்டியே கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஆயுள் முழுக்க ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன், என் மனைவி பேசுவதைச் சொல்ல இன்னொருவர் எதற்கு என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் கேட்டதும் என் மனைவி நீண்ட நேரம் பேசினாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடர்ந்து. யாரும் அவசரப்படுத்தவில்லை. டாக்டர் தன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கூலாய் வீட்டுக்கு. மகள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள், அதில் குறையில்லை, ஆனால் சாஆவில் அக்கா இருக்கிறாள், அவளுக்கு என்னை விட்டால் வாரத்தில் ஒரு நாள் பேச ஆள் இல்லை என்றாள். இவர்கள் இவ்வளவு செய்கிறார்கள், கை கும்பிடத்தான் வரவில்லை, மனசாலே கும்பிடுகிறேன் என்று சொல்லச் சொன்னாள். பிறகு அவள் சொன்ன ஒரு வரி அப்படியே நினைவிருக்கிறது.

"எனக்கு ஒரு கை போதும்ங்க, அக்கா பக்கத்துல ஒக்காந்திருக்கறதுக்கு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூலாய் வீட்டை நினைத்தேன். அந்தக் குளியலறையை நினைத்தேன். அங்கே அவளும் நானும் மட்டும். அவளைத் தூக்குவதும் கழுவுவதும் துடைப்பதும் நான்தான்.

அவள் நன்றி சொல்கிறாள், இங்கே மகளோடு இருப்பதே நல்லது என்று நினைக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான். சமூகப் பணியாளர் புன்னகைத்தார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அறையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது என் மனைவி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். கொஞ்ச காலம் இங்கேயே இருந்தால்தான் கை தேறும் என்கிறார்கள், டாக்டர் பேச்சை மீற முடியுமா என்றேன். அது இரண்டாவது பொய். மாலையில் மகளிடம், அம்மாவுக்கும் இதுதான் விருப்பம், டாக்டருக்கும் இதுதான் விருப்பம் என்றேன். அது மூன்றாவது. மகள் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். அம்மா தன்னிடம் இருக்க ஆசைப்படுகிறாள் என்று.

வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி நான் கூலாய் திரும்பினேன். சனிக்கிழமை தோறும் பாலத்தைக் கடந்து போவேன், ஞாயிறு திரும்புவேன். போகும்போதெல்லாம் அவள் உடம்பில் முன்னேற்றம் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடிக் கிடந்த விரல்கள் கொஞ்சம் விரிந்தன. நான் அதை ஊருக்கு வந்து சொல்லாத ஆளில்லை.

கோப்பிக் கடையில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. முன்பு பேருந்து ஓட்டியவர். வாய் கொஞ்சம் நீளம். நான் வேன் வருவதையும் கதவை அளந்ததையும் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தபோது கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"சார், ஒங்க வீட்டம்மா அங்க நல்லா இருக்காங்க. நீங்க இங்க நல்லா இருக்கீங்க. ரெண்டு நாடுமே நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு கம்பேர் பண்ணிக்கிட்டு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு அது வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. உண்மை என்னவென்றால், அந்த மாதங்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். நேரத்துக்கு வாழையிலைச் சாப்பாடு, சாயந்திரம் நடை, பிறகு தொலைக்காட்சி. நான் சொன்ன ஒப்பீடு ஒன்றும் தப்பில்லை. அந்தச் சரியான பேச்சுக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

சாஆவுக்கு ஒரு முறைதான் போனேன். அறை வாசலில் நின்றேன். மனைவியின் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். தலைமுடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. தங்கச்சி எப்ப வருவா என்று கேட்டார். சிகிச்சை நடக்கிறது, வந்துவிடுவாள் என்றேன். உட்காருங்க என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்து வந்த பொங்கல் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவர் இறந்துபோனார். மகளும் மருமகனும் என் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் கூலாயில் நெடுஞ்சாலை ஓய்வு நிறுத்தத்தில் ஏறிக்கொண்டேன். சாஆ வரைக்கும் அவள் இரு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி வந்தாள்.

பெண்கள் உடலுக்கு எண்ணெயும் அரப்பும் வைக்கும் நேரம் வந்தபோது, தன்னைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். கிண்ணத்தில் இடது கையை விட்டாள். கூட்டத்தில் யாரோ ஒரு மூதாட்டி, இடது கையாலா என்று மெல்லச் சொன்னார்.

"இருக்கறது இந்தக் கைதான், பெரியம்மா," என்றாள் என் மனைவி.

அவள் அக்காவின் தலையில் எண்ணெய் வைத்து, விரலாலேயே சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பதுபோல எல்லோரும் காத்திருந்தார்கள். அக்காவின் மருமகள் அவள் காதருகே குனிந்து, சின்னம்மா, உங்களைத்தான் அத்தை கேட்டுக்கிட்டே இருந்தாங்க, காரு சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாப்பாங்க என்று சொல்லி அழுதாள். நான் வாசலில் ஆண்களோடு நின்றிருந்தேன். அழுகையில் உயர்ந்த அவள் குரல் என் காதிலும் விழுந்தது.

அதன் பிறகு சிங்கப்பூர் திரும்பிய என் மனைவி பயிற்சி செய்ய மறுத்தாள். வேனில் ஏறுவாள், நிலையத்தில் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு மாலையில் இறங்குவாள். சாப்பாடும் குறைந்துபோனது. துக்கம், நாளானால் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். நிலையத்தில் இருந்தவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. அவர்கள் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்கே வந்தார். நான் வாய் ஓயாமல் புகழ்ந்த அந்த ஏற்பாடுதான் என்னைத் தேடி வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நடுத்தர வயது மலாய்ப் பெண். தொலைபேசியில் என் மகளோடு பல தடவை பேசியவர், என் மனைவியை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, பரவாயில்லை, கொஞ்சம் சோர்வு என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு தன் நாற்காலியை முழுசாக என் மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டீங்களா ஆன்ட்டி என்று மலாயில் கேட்டார்.

என் மனைவியின் முகம் மாறியதை எப்படிச் சொல்வது? பூட்டிய வீட்டின் சன்னலை யாரோ திறந்துவிட்டதுபோல இருந்தது. அவள் மலாயில் பேச ஆரம்பித்தாள். தொழிற்சாலைக் காலத்து மலாய், குழறலோடு. என்ன சாப்பிட்டாள், எது பிடிக்கவில்லை, அக்கா எப்படி இறந்தாள். அந்தப் பெண் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், உங்களுக்கு என்ன வேணும் ஆன்ட்டி என்று கேட்டார்.

"பாலெக் ரூமா," என்றாள் என் மனைவி. வீட்டுக்குப் போகணும். "நான் அன்னிக்கே சொன்னேன்."

இத்தனை மாதத்தில் அந்த மொழியில் மற்றவர்கள் அவளோடு நேராகப் பேசலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனையில் மலாய் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நான் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆன்ட்டியேதான் இங்கே இருக்க விரும்பினார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது, மாமா என்றார். என் மகள் தேநீர்த் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

"அப்பா, அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி தமிழில் சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபம் இல்லை.

"நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீங்க சட்டுனு முடிச்சிட்டீங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா நீட்டம் தெரியும்லா. மக மனசு நோகும்னு நான் வாயத் தெறக்கல, நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கீழே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. நான் அன்று அவள் பேசியதை மாதங்கள் கழித்து மொழிபெயர்த்தேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அக்காவுக்குப் பேச ஆள் இல்லை என்றாள். ஒரு கை போதும் என்றாள். மனசாலே கும்பிடுகிறேன் என்றாள். மகளுக்குத் தமிழிலும் அந்தப் பெண்ணுக்கு மலாயிலுமாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டேன் என்று நிறுத்தினேன்.

"இன்னொண்ணு விட்டுட்டீங்க," என்றாள் என் மனைவி.

விட்டிருந்தேன். இதை எழுதும்போதும் மேலே அந்தக் கூட்டத்தைச் சொன்ன இடத்தில் அதை விட்டுவிட்டேன், எழுத வரவில்லை. அன்று அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக டாக்டரைப் பார்த்துச் சொன்னது இதுதான். அவளே மறுபடி சொன்னாள், நிறுத்தி நிறுத்தி:

"இவரு பயந்துக்குவாரு. தூக்குறது, கழுவுறது எல்லாம் எப்படின்னு இவருக்கு மொதல்ல சொல்லிக்குடுங்க. படிச்சவரு. கத்துக்குவாரு."

நான் தாழ்வாரத்துக்கு ஓடியதையும், கைப்பேசியைக் கட்டிலிலேயே விட்டுப்போனதையும் அவள் பார்த்திருந்தாள். அதற்காக என்மேல் வருத்தப்படாமல், எனக்கு உதவி கேட்டிருந்தாள், முன்பின் தெரியாத டாக்டரிடம், குழறும் வாயால். அந்த உதவியைத்தான் நான் மொழிபெயர்க்காமல் விழுங்கினேன்.

மகள் தட்டை மேசையில் வைத்தாள். அழவில்லை. இப்படிப் பண்ணிட்டீங்களேப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் என்னோடு பழையபடி பேச வெகு நாளாயிற்று. பெரியம்மா காத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்திருந்தால் நானே வாரா வாரம் காரில் கூட்டிப்போயிருப்பேனே என்று ஒரு நாள் சொன்னாள்.

அந்த மலாய்ப் பெண் என்னைக் குற்றவாளியாக நடத்தவில்லை. சரி மாமா, கத்துக்கலாமா என்று கேட்டார். இரண்டு மூன்று வாரம் நான் மகள் வீட்டிலேயே தங்கினேன். பராமரிப்பு நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து சொல்லிக்கொடுத்தார். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் முதுகு எங்கே இருக்க வேண்டும், அவளுடைய நல்ல கால் எங்கே ஊன்ற வேண்டும். முதல் முறை தூக்கும்போது என் மனைவி என் தோளில் இடது கையைப் போட்டுக்கொண்டு, கீழ போட்டுடாதீங்க, வாத்தியாரே என்றாள். அவள் அப்படிக் கேலி பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. குளிப்பாட்டுவதை மகள் சொல்லிக்கொடுத்தாள். நான் பயந்த அளவுக்கு அதில் எதுவுமே இல்லை. வெந்நீர், சோப்பு, நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்குத் தெரிந்த ஒரு உடம்பு.

கூலாய்க்குத் திரும்பினோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்த ஒரே தொலைபேசி எண் கிடையாது. அவர்கள் கொடுத்த மருத்துவ விவரங்களை எடுத்துக்கொண்டு நான்தான் அலைந்தேன். பிசியோவுக்கு ஜொகூர் பாரு. மருந்துக்கு ஊர்க் கிளினிக். கதையை ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொன்னேன். லாரி ஓட்டும் அந்தப் பிள்ளையின் பிளாஸ்டிக் பை அடிக்கடி நினைவுக்கு வந்தது. கிளினிக்கில் விசாரித்தபோதுதான், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு குழு அங்கே உண்டு என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒன்றுமே கிடையாது என்று சிங்கப்பூரில் வார்டு வார்டாகச் சொன்னவன் நான். ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லை. அந்தக் குழுவின் மிஸ்ஸி, தாதியை இங்கே அப்படித்தான் அழைப்போம், மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். அந்த ஊர்போல் இல்லைதான், ஆனாலும் வருகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே விரிந்த விரல்கள் இங்கே கொஞ்சம் மடங்கிவிட்டன. அங்கேயே தொடர்ந்து இருந்திருந்தால் கை இன்னும் தேறியிருக்கும் என்று ஜொகூர் பாரு பிசியோவே சொன்னார். நான் அதை வார்த்தை விடாமல் மனைவியிடம் சொன்னேன். தெரியும், தெரிஞ்சுதான் வந்தேன் என்றாள்.

திரும்பி வந்த முதல் வாரமே சாஆவுக்குப் போகச் சொன்னாள். இந்த முறை நான் கோப்பிக் கடைக்குப் போகவில்லை. அக்காவின் அறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் தரையில் மட்டும் நிறம் வேறாக இருந்தது. அவள் நாற்காலியை அங்கே நிறுத்தச் சொன்னாள். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம்வரை அப்படியே இருந்தோம்.

இப்போது கிளினிக்குக்கு வரும் இளம் டாக்டர்கள் சிலருக்கு அவளுடைய குழறும் மலாய் புரிவதில்லை. என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சொல்வதை முழுதாகச் சொல்கிறேன். இவரு உப்பில்லாம சமைக்கிறாரு, டி.வி. சத்தத்தைக் குறைக்க மாட்டேங்கிறாரு என்பதையும் சொல்கிறேன். டாக்டர்கள் சிரிக்கிறார்கள். சொல்லி முடித்ததும் அவளைப் பார்ப்பேன். ஏதாவது விட்டிருந்தால் விரலைத் தூக்குவாள்.

கோப்பிக் கடையில் இன்றும் யாராவது எந்த நாடு நல்லது சார் என்று கேட்டால் என்னால் மணிக்கணக்கில் பேச முடியும். ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம், கார் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஒரு அம்மாளின் கடைசி மாதங்களை என் ஒரு வாக்கியம் எடுத்துக்கொண்டது நினைவுக்கு வந்து, பேச்சை நிறுத்திவிட்டு, வீட்டில் அவள் என்ன சொல்லக் காத்திருக்கிறாளோ என்று எழுந்து வந்துவிடுகிறேன்.